வன்னி வெயிலில் சீஸ் பேஸ்ட்ரி: விருந்துக்கு முன்னரே செய்து வைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் பக்கத்துப் பிறந்தநாள் விழாக்களில் அழைப்பிதழில் ஆறு மணி என்று போட்டால் ஏழரைக்குத்தான் கேக் வெட்டுவார்கள். அதுவரை வந்திருப்பவர்களின் கையில் எதையாவது கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். ரோல்ஸ், பற்றிஸ், கட்லட் எல்லாம் நல்லவைதான். ஆனால் அவை சூட்டோடு சாப்பிட வேண்டியவை. ஆறினால் எண்ணெய் நாக்கில் பிடிக்கும். சுடச்சுடக் கொடுப்பதென்றால் வீட்டுக்காரி சபைக்கு வராமல் தாச்சியோடு குசினியில் நிற்க வேண்டும். சீஸ் வைத்துத் திருகி அவணில் வெதுப்பிய பேஸ்ட்ரிக்கு அந்தக் கரைச்சல் இல்லை. ஆறினாலும் மொறுமொறுப்பாக இருக்கும், கையில் பிசுபிசுக்காது, பீங்கானும் கரண்டியும் தேவையில்லை. ஒரு கிளாசில் நிறுத்தி மேசையில் வைத்தால் சனம் தானாக எடுத்துக்கொள்ளும்.

வேலையும் சுகம்தான். உண்மையான சிரமம் ஒன்றே ஒன்று. பட்டர் உருகுவது ஏறக்குறைய 32 முதல் 35 பாகை செல்சியஸில். சித்திரை தொடங்கி ஆவணி வரை கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ மத்தியான வெயில் அதே அளவுக்குப் போகும். தகரக் கூரைக் குசினி என்றால் இன்னும் கூட. அதாவது மேசையில் வைத்த பட்டர் தானாகவே எண்ணெயாகத் தொடங்கும் இடத்தில் நின்றுகொண்டு, பட்டரை உருகவிடாமல் மாவில் மடிக்க வேண்டும். குளிர்நாட்டுச் சமையல் குறிப்புகளில் இதற்கு விடை இராது. கீழே சொல்லும் செய்முறையில் பாதி, குளிரைக் காப்பாற்றுவது பற்றியதுதான்.

தேவையான பொருட்கள்

ஏறக்குறைய 48 தண்டுகளுக்குக் கணக்கு இது. இருபது, இருபத்தைந்து பேருக்குக் காணும். கோதுமை மா 250 கிராம், பட்டர் 175 கிராம், நன்றாகக் குளிர்ந்த தண்ணீர் 100 மில்லிலீற்றர், தேசிக்காய்ப் புளி ஒரு தேக்கரண்டி, துருவிய சீஸ் 150 கிராம். கடையில் கிடைக்கும் பட்டரில் பெரும்பாலும் உப்பு இருக்கும், சீஸிலும் இருக்கும். ஆகவே மாவுக்குக் கால் தேக்கரண்டி உப்புக்கு மேல் வேண்டாம். 200 கிராம் பட்டர்க் கட்டி வாங்கினால் மிச்சம் 25 கிராம் தட்டுக்குப் பூச உதவும்.

தூவுவதற்கு: இடித்த செத்தல் மிளகாய் ஒரு தேக்கரண்டி, மிளகுதூள் அரைத் தேக்கரண்டி, கடுகுதூள் அரைத் தேக்கரண்டி, வறுத்து நொறுக்கிய கறிவேப்பிலை ஒரு பிடி, எள்ளு இரண்டு மேசைக்கரண்டி. கடுகுதூளை விட்டுவிடாதீர்கள். அது தனியாகத் தெரியாது, ஆனால் சீஸின் சுவையைத் தூக்கிக் கொடுக்கும். கறிவேப்பிலையைப் பச்சையாக வெட்டிப் போட்டால் அதன் ஈரம் பேஸ்ட்ரியை நனைக்கும். வெறுந்தாச்சியில் சலசலக்கும் வரை வறுத்து, கையாலேயே நொறுக்குங்கள். மேலே பூச ஒரு முட்டை மஞ்சட்கருவும் ஒரு மேசைக்கரண்டி பாலும்.

பட்டருக்குப் பதிலாக மாஜரின் போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். பாணுக்குப் பூசும் மென்மையான மாஜரின் இதற்குச் சரிவராது. அதைப் பூசச் சுகமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே இளக்கமாகச் செய்கிறார்கள். மாவுக்குள் போனதும் கரைந்து ஒன்றாகிவிடும், பிறகு மடிப்பும் இல்லை, உதிர்வும் இல்லை. பேக்கரிக்காரர் பயன்படுத்துகிற பேஸ்ட்ரி மாஜரின் வேறு சாமான். அது உருகும் வெப்பநிலை கூட, வெயிலுக்குத் தாக்குப்பிடிக்கும். அதே காரணத்தால் வாயிலும் முழுக்கக் கரையாமல் மேலண்ணத்தில் மெழுகாகப் படியும். அவசரத்துக்கு மூன்றில் ஒரு பங்கு அதையும் மிச்சத்துக்குப் பட்டரையும் போடலாம். முழுக்க அதிலேயே செய்வதற்கு நான் சம்மதிக்கமாட்டேன்.

எந்தச் சீஸ்?

செடார் வகைதான் முதல் தெரிவு. கட்டியாக வருவதை வாங்கித் துருவுங்கள். கொத்மலே, ஹைலண்ட் போன்ற உள்ளூர்க் கட்டிகளே போதும். முக்கோணமாகத் தாளில் சுற்றி வரும் பூசுகிற சீஸ் வேண்டாம். அதில் நீர் அதிகம், வெப்பம் பட்டதும் மடிப்புக்கு வெளியே வழிந்து தட்டில் கருகும். துண்டு துண்டாகப் பிரித்து வரும் பதப்படுத்திய சீஸில் எண்ணெயும் நீரும் பிரியாமலிருக்க உப்பு வகைகள் சேர்த்திருப்பார்கள். அது வழியாது, ஆனால் சுவை மட்டம். மொசரெல்லா பீட்சாவுக்கு இழுபடும். ஆறிய பிறகு சாப்பிடும் பண்டத்தில் இறப்பராகிவிடும்.

வன்னியில் மாடு வைத்திருக்கிறவர்களுக்கு இன்னொரு யோசனை வரும்: பாலைக் காய்ச்சித் தேசிக்காய்ப் புளி விட்டுத் திரைய வைத்து, அந்தக் கட்டியையே உள்ளே வைத்தால் என்ன? வைக்கலாம், ஆனால் அது உருகாது. புளி விட்டுத் திரைத்த பாலில் புரதங்களைப் பிணைத்து நிற்கும் கல்சியம் நீரோடு போய்விடுகிறது. அதனால் எவ்வளவு சூடாக்கினாலும் துகளாகவே நிற்கும். செடார் விலை கையைக் கடித்தால் அரைவாசி செடாரும் அரைவாசி நன்றாகப் பிழிந்த வீட்டுக் கட்டியும் கலந்து, உப்பு ஒரு சிட்டிகை கூட்டிப் போடுங்கள். அது நன்றாகவே இருக்கும்.

சைவக்காரர் வரும் விருந்தென்றால் ஒரு விடயம். பல சீஸ்களைத் திரையவைக்க உபயோகிக்கும் ரென்னெட் என்ற நொதியம் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து வருவது. நுண்ணுயிரிலிருந்து எடுக்கும் வகையும் உண்டு. உறையில் எது என்று போட்டிருக்கிறதா எனக் கடையிலேயே வாசித்துப் பார்த்து வாங்குங்கள். முட்டைக்குப் பதிலாக வெறும் பாலைப் பூசலாம். நிறம் சற்று வெளிறும், வேறு குறை இல்லை.

புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான் பக்கம் இருப்பவர்கள் பட்டரும் சீஸும் வாங்க ஏ9 வீதிப் பக்கம் வரவேண்டியிருக்கலாம். திரும்பிப் போகும்போது பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனால் வீடு சேரும்போது பட்டர் பாதி எண்ணெய். ஒரு றெஜிபோம் பெட்டியும், முதல்நாள் உறையவைத்த இரண்டு தண்ணீர்ப் போத்தலும் கொண்டு போங்கள். ஒருமுறை உருகித் திரும்ப உறைந்த பட்டரை இதற்குப் பயன்படுத்தினால் மடிப்பு வராது. அதைச் சோற்றுக்கோ கேக்குக்கோ வைத்துக்கொள்ளுங்கள்.

மா குழைப்பது

விடிய ஐந்து மணிக்குத் தொடங்குங்கள். இது பக்திக்குச் சொல்லவில்லை, குசினி குளிர்ந்திருக்கும் நேரம் அதுதான். மார்கழி, தை வாடைக்காலத்தில் எட்டு மணி வரைகூடப் போகலாம்.

முதல் இரவே பட்டரைக் கட்டியாகவே பிரீசரில் வையுங்கள். மாவையும், குழைக்கப் போகும் பாத்திரத்தையும், கரட் துருவும் துருவியையும் அரை மணி நேரம் முன்னர் அதே பிரீசரில் வையுங்கள். பிறகு மாவையும் உப்பையும் அரித்துப் பாத்திரத்தில் போட்டு, பட்டரின் ஒரு முனையைத் தாளோடு பிடித்தபடி துருவியின் பெரிய கண்ணில் நேரே மாவுக்குள் துருவுங்கள். பத்துப் பதினைந்து இழுப்புக்கு ஒருமுறை துருவலை மாவில் பிரட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். உள்ளங்கையால் பிசைய வேண்டாம். விரல்நுனியும் முள்ளுக்கரண்டியும்தான். துருவல் ஒவ்வொன்றும் மா பூசிய சின்னக் குச்சியாகத் தனித்தனியே தெரிய வேண்டும்.

தேசிக்காய்ப் புளியைக் குளிர்நீரில் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியுங்கள். புளி மாவின் இழுவையைக் குறைக்கும், பிறகு உருட்டும்போது சுருங்கிச் சுருங்கி வராது. 100 மில்லிலீற்றர் முழுவதும் தேவைப்படாமலும் போகலாம், இரண்டு கரண்டி கூடவும் ஆகலாம். கையில் எடுத்து அழுத்தினால் பிடித்து நின்றால் போதும். ரொட்டி மா போல வழவழப்பாக வரும்வரை குழைக்கிற பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். இது பார்க்க அலங்கோலமாக, அங்கங்கே உலர்ந்த மாவோடு இருக்கும். அப்படியே நீள்சதுரமாகத் தட்டி, பொலித்தீனில் சுற்றி, பிரிட்ஜில் அரை மணி நேரம்.

உருட்டி மடிப்பது

இதற்குள் மேசையையும் குளிரவைக்கலாம். ஒரு எவர்சில்வர்த் தட்டு நிறைய ஐஸ் போட்டு, உருட்டப் போகும் இடத்தில் பத்து நிமிடம் வைத்து எடுத்து, ஈரத்தை உலரத் துடையுங்கள். கிரனைட் கல் பதித்த குசினி என்றால் இன்னும் நல்லது, சீமெந்து மேடையும் சரி, மரமேசை குளிரைப் பிடிக்காது. உருட்டுவதற்குக் கட்டையை விட ஒரு கண்ணாடிச் சோடாப் போத்தல் திறம். குளிர்நீர் நிரப்பி மூடியை இறுக்கிக்கொண்டால் உருட்ட உருட்டக் குளிரூட்டிக்கொண்டே போகும். வெளிப்பக்கம் வேர்க்கும், ஒரு துணியைக் கிட்டவே வைத்திருங்கள்.

மேசையில் கொஞ்சம் மா தூவி, கட்டியை 40 சென்ரிமீற்றர் நீளம், 15 சென்ரிமீற்றர் அகலத்துக்கு உருட்டுங்கள். முன்னும் பின்னுமாகத் தேய்க்காமல் முதலில் போத்தலால் அங்கங்கே அழுத்திவிட்டு, பிறகு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக உருட்டினால் பட்டர் கசியாது. கடிதத்தை உறைக்குள் போட மடிப்பதுபோல மூன்றாக மடியுங்கள். மடிப்பு உங்கள் இடக்கைப் பக்கம் வரும்படி கால்வட்டம் திருப்பி, இன்னொருமுறை உருட்டி மூன்றாக மடியுங்கள். முதல் மடிப்பில் வெடிப்பும் கிழிசலுமாகத்தான் இருக்கும். இரண்டாவதில் ஒழுங்குக்கு வந்துவிடும். திரும்பவும் பிரிட்ஜில் அரை மணி. பிறகு அதேபோல இன்னும் இரண்டு மடிப்பு.

நான்கு மடிப்புக்குக் கணக்கு மூன்றின் நான்காம் அடுக்கு, அதாவது 81 அடுக்கு. அவணில் பட்டரிலுள்ள நீர் ஆவியாகி இந்த அடுக்குகளைத் தூக்கும், கொழுப்பு அவை ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். பட்டரில் ஆறில் ஒரு பங்குக்குக் கிட்ட நீர்தான். பேக்கிங் பவுடரோ ஈஸ்டோ இல்லாமல் இது பொங்குவது அந்த நீரால். பட்டர் மாவுக்குள் உருகி ஊறிவிட்டால் அடுக்கும் இல்லை, ஆவிக்குத் தூக்க எதுவும் இல்லை. பிஸ்கட் மாதிரி ஒன்று வரும், அவ்வளவுதான்.

உருட்டும்போது மாவின் மேல் மஞ்சள் பளபளப்புத் தெரிந்தால், விரலில் எண்ணெய்ப்பசை பட்டால், அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். இன்னும் மா தூவிச் சமாளிக்கப் பார்க்க வேண்டாம். தட்டோடு தூக்கிப் பிரீசரில் பத்து நிமிடம் வைத்துவிட்டு வந்து தொடரலாம். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் யன்னலைச் சாத்திவிடுங்கள். அந்தக் காற்று மாவின் மேற்பரப்பைக் கொஞ்ச நேரத்தில் காயவைத்துப் பொருக்காக்கிவிடும்.

கரண்ட் போனால்? பிரிட்ஜைத் திறக்காமல் விட்டால் சில மணி நேரம் தாங்கும். திறக்கத்தான் வேண்டும் என்றால் மாவைப் பொலித்தீனில் இறுக்கிச் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் போட்டு, றெஜிபோம் பெட்டியில் ஐஸுக்கு மேல் வையுங்கள். முல்லைத்தீவுக் கரையில் மீனுக்கு உடைக்கும் ஐஸ் இதற்குத் தாராளம். ஆனால் அது டப்பாவுக்கு வெளியே மட்டும். மாவுக்கு விடும் தண்ணீரில் அதைப் போடக்கூடாது.

சீஸ் வைத்துத் திருகுவது

நான்கு மடிப்பும் முடிந்த மாவை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைப் பிரிட்ஜில் வைத்துவிட்டு மற்றதை 36 × 21 சென்ரிமீற்றருக்கு உருட்டுங்கள். தடிப்பு 3 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். நீளப்பாட்டில் ஒரு பாதிக்கு மட்டும் 75 கிராம் சீஸைப் பரவலாகத் தூவி, மிளகாய், மிளகு, கடுகுதூள், கறிவேப்பிலை எல்லாவற்றிலும் அரைப் பங்கைத் தூவுங்கள். ஓரத்தில் ஒரு விரல் அகலம் வெறுமையாக இருக்கட்டும். மற்றப் பாதியை மேலே மடித்து மூடி, போத்தலால் மெதுவாக உருட்டி, அகலம் 14 சென்ரிமீற்றர் வரும்வரை விரியுங்கள். சீஸ் உள்ளே பதிந்து பிடிக்கும்.

மஞ்சட்கருவையும் பாலையும் அடித்து மேற்பரப்பில் மெல்லியதாகப் பூசி எள்ளைத் தூவுங்கள். இதை வெட்டுவதற்கு முன்னர் செய்வதற்குக் காரணம் இருக்கிறது. வெட்டிய பிறகு பூசினால் முட்டை வெட்டு ஓரத்தில் இறங்கி அடுக்குகளை ஒட்டிவிடும். இனி நல்ல கூரான கத்தியால், அறுக்காமல் மேலிருந்து கீழே ஒரே அழுத்தாக, ஒன்றரைச் சென்ரிமீற்றர் அகலத் துண்டுகளாக வெட்டுங்கள். 24 வரும். ஒவ்வொன்றின் இரு முனையையும் பிடித்து எதிரெதிராக மூன்று சுற்றுத் திருகி, பேக்கிங் பேப்பர் விரித்த தட்டில் இரண்டு விரல் இடைவெளி விட்டு அடுக்குங்கள். முனைகளைத் தட்டோடு அழுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் வேகும்போது திருகு பிரிந்து நேராகிவிடும். பேக்கிங் பேப்பர் கிடைக்காவிட்டால் தட்டில் பட்டர் பூசி மா தூவலாம். ஓரத்தில் சீஸ் வழிந்த இடம் மட்டும் கொஞ்சம் பிடிக்கும்.

அடுக்கிய தட்டைக் கட்டாயம் இருபது நிமிடம் பிரிட்ஜில் வையுங்கள். இதைச் செய்யாமல் நேரே அவணுக்குப் போனால், அடுக்கு விறைப்பதற்கு முன்னர் பட்டர் ஒழுகித் தட்டில் குளமாக நிற்கும்.

வெதுப்புவது

அவணை 200 பாகையில் இருபது நிமிடம் முன்னரே சூடாக்குங்கள். விசிறி உள்ளதென்றால் 180 போதும். எங்கள் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது மேசையில் வைக்கும் சின்ன அவண். அதன் திருகியில் 200 என்றிருப்பது உள்ளே 170 ஆகவும் இருக்கலாம், 230 ஆகவும் இருக்கலாம். முதலில் இரண்டே இரண்டு தண்டை வைத்துப் பாருங்கள். பத்து நிமிடத்துக்குள் மேலே கருத்தால் தட்டை ஒரு படி கீழே இறக்குங்கள். பதினைந்து நிமிடத்திலும் வெளிறியே இருந்தால் திருகியைக் கூட்டுங்கள். நடுத்தட்டில் 15 முதல் 18 நிமிடம் பொதுவான கணக்கு. பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடாமல் சூட்டை 160க்குக் குறைத்து இன்னும் ஐந்து நிமிடம் விடுங்கள். உள்ளே இருக்கும் ஈரம் போவது இந்த ஐந்து நிமிடத்தில்தான். ஆறிய பிறகும் மொறுமொறுப்பு நிற்க வேண்டுமென்றால் இது வேண்டும். எயார் பிரையர் என்றால் 180 பாகையில் ஒன்பது, பத்து நிமிடம், ஒரு தடவைக்கு ஆறேழு தண்டு.

அவண் இல்லாத வீடு என்றால் இரண்டு வழி. கிட்டடியில் விறகுப் போறணை உள்ள பேக்கரி இருந்தால், பாண் எடுத்த பிறகு உங்கள் தட்டை வைத்துத் தருவார்களா என்று கேளுங்கள். நத்தாருக்கு முந்தின வாரம் கேக் தட்டோடு வருகிறவர்களைக் கண்டவர்கள், மறுக்கமாட்டார்கள். பாண் எடுத்த கையோடு வைத்தால் கருகும். போறணைத் தளத்தில் ஒரு சிட்டிகை மாவைத் தூவிப் பாருங்கள். உடனே கருகினால் இன்னும் ஆற வேண்டும், மெதுவாகப் பழுப்பாக மாறினால் வைக்கலாம்.

மற்றது தணல் முறை. அடி தடித்த பெரிய அலுமினியப் பானையில் இரண்டு விரல் உயரத்துக்கு மணல் போட்டு, மேலே ஒரு வளையமோ கல்லோ வைத்து, அதில் தட்டை இருத்துங்கள். தட்டையான இரும்பு மூடியால் மூடி, மூடியின் மேல் சிரட்டைத் தணலைப் பரப்புங்கள். மேல் நெருப்புக் கூடவும் கீழ் நெருப்புக் குறைவாகவும் இருக்க வேண்டும். முதலில் பானையைக் கால் மணி நேரம் வெறுமையாகச் சூடாக்கி, பிறகு தட்டை வையுங்கள். ஒருமுறைக்கு எட்டு, பத்துத் தண்டுக்கு மேல் கொள்ளாது, பதினைந்தாவது நிமிடத்திலிருந்து மூடியைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும் இது.

பக்கத்தில் என்ன வைப்பது

தக்காளிச் சோஸ் போத்தலைக் கொண்டுவந்து வைக்காதீர்கள். இங்கே எருமைத்தயிர் இருக்கும்போது அது எதற்கு? ஒரு சட்டித் தயிரை மெல்லிய துணியில் கட்டி, ஒரு பாத்திரத்துக்கு மேல் தொங்கும்படி பிரிட்ஜில் மூன்று, நான்கு மணி நேரம் வைத்தால் நீர் வடிந்து கெட்டியாகும். அதில் பொடியாக வெட்டிய பச்சைமிளகாய் ஒன்று, நசுக்கிய உள்ளிப் பல் ஒன்று, உப்பு, கொஞ்சம் மிளகு சேர்த்து அடியுங்கள். சீஸின் உப்புக்கும் மிளகாயின் உறைப்புக்கும் இந்தப் புளிப்பு நல்ல பொருத்தம். சின்னப்பிள்ளைகளுக்கு மிளகாய் போடாமல் ஒரு பங்கு வேறாக எடுத்து வையுங்கள்.

முன்கூட்டியே செய்து வைப்பது

வெதுப்பிய தண்டுகளை முற்றாக ஆறவிட்டு, காற்றுப் புகாத பிஸ்கட் ரின்னில் அடுக்கினால் மூன்று நாள் இருக்கும். இளஞ்சூட்டோடு மூடினால் அந்த ஆவியிலேயே நமுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் மூன்று நாளை நம்ப வேண்டாம், ஒரு நாள்தான். நமுத்துப் போனால் 160 பாகையில் ஐந்து நிமிடம் வைத்தால் திரும்பவும் மொறுக்கும்.

பெரிய விருந்தென்றால் வெதுப்பாமலே சேமிப்பதுதான் என் விருப்பம். திருகிய தண்டுகளைத் தட்டோடு பிரீசரில் கல்லாகும் வரை வைத்து, பிறகு பொலித்தீன் பைக்கு மாற்றினால் ஒரு மாதம் வரை கிடக்கும். விருந்தன்று உறைநிலையிலிருந்தே நேரே சூடான அவணுக்குப் போகலாம், மூன்று நான்கு நிமிடம் கூடப் பிடிக்கும். வெளியில் வைத்து இளக விடக்கூடாது. ஓரத்தில் வெட்டி ஒதுக்கிய மாத்துண்டுகளை உருட்டிப் பந்தாக்க வேண்டாம், அடுக்குக் குழம்பிவிடும். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி அழுத்தி, சீனியும் கறுவாத்தூளும் தூவி, அதே சூட்டில் கடைசித் தட்டாகப் போடுங்கள்.